வன்னியிலிருந்து பேராதனைக்கு: பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் கேட்கிற கேள்விகள்

உயர்தர ரிசல்ட் வந்த கிழமை தொடங்கினால் என் போனுக்கு ஓய்வில்லை. நான் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்த குடும்பம். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடத்தில் படித்துவிட்டு, இப்போது கிளிநொச்சிப் பக்கம் உயிரியல் படிப்பிக்கிறேன். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். அனுமதி விதிகள் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருஷமும் வெளியிடுகிற அனுமதிக் கைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

பேராதனை பேராதனை என்கிறார்கள். உண்மையில் அவ்வளவு பெரிய இடமா, வெறும் பெயரா?

இரண்டும்தான். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் வைத்துக் குரல் கொடுத்தவர்களில் முன்னுக்கு நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942 ஜூலை 1ஆம் திகதி அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம் என்ற கேம்பிரிட்ஜ் முறை அவர் மனதில் இருந்தது. பிற்காலத்தில் அவர் கேம்பிரிட்ஜுக்கே துணைவேந்தராக இருந்தவர். கொழும்பில் அதற்கு இடம் போதாது. மகாவலிக் கரையில் ஹந்தானை மலையடிவாரத்தில் கட்டத் தொடங்கி, 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தார்கள். வளாகத்தைத் திட்டமிட்டவர்கள் பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும், கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். சுமார் 700 ஹெக்டயர் காணி. எங்கள் கணக்குக்கு ஆயிரத்து எழுநூறு ஏக்கருக்கு மேலே.

தமிழுக்கும் அந்த மண்ணில் கணக்கு இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். பிறகு கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், வித்தியானந்தன் என்று வரிசை போகும். யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கியபோது தலைவராகப் போன கைலாசபதி பேராதனையில் படித்துப் படிப்பித்தவர். யாழ் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் வித்தியானந்தனும் இங்கே இருந்து போனவர்தான். பின்னால் அதே கதிரையில் இருந்த துரைராஜா, பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்தவர். 1960களில் வித்தியானந்தன் மாணவர்களைச் சேர்த்து வட்டக்களரிக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஊரில் விடிய விடிய ஆடுகிற கூத்தை, அதைக் கேவலமாக நினைத்த படித்த ஆக்களே ரிக்கற் எடுத்துப் பார்க்க வைத்த மனுஷன்.

இவ்வளவும் பெருமைக்குச் சரி. ஆனால் வேலைக்கான நேர்முகத்தேர்வில் உங்களுக்கு எதிரே இருக்கிறவர் ஜென்னிங்ஸைப் பற்றிக் கேட்கமாட்டார். உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்றுதான் கேட்பார்.

எங்கட பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஒருத்தரும் போகேல்லை. வன்னிப் பிள்ளைக்கு உண்மையாகவே இடம் கிடைக்குமா?

கிடைக்கும். அதற்கென்று ஒரு வழி சட்டப்படியே இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். தேர்தலுக்கு 'வன்னி மாவட்டம்' என்று ஒன்று உண்டு. கிளிநொச்சி அதில் இல்லை, யாழ்ப்பாணத்தோடு சேர்த்தி. பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தக் கணக்கு செல்லாது. நிர்வாக மாவட்டம்தான் கணக்கு. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதனால் உருத்திரபுரத்துப் பிள்ளை, வடமராட்சிப் பிள்ளையோடு மாவட்டக் கோட்டாவில் போட்டி போடத் தேவையில்லை. இதை எத்தனை தகப்பன்மாருக்கு நான் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள் மாவட்டம் எது என்பது, பரீட்சைக்கு முந்தின மூன்று வருஷம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படும். கடைசி நேரத்தில் பள்ளிக்கூடம் மாறியவர்கள் கைநூலில் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்கவும். வெளிமாவட்டத்திலிருந்து கோட்டாவுக்காக இங்கே வந்து சோதனை எடுக்கிறார்கள் என்ற ஆத்திரம் எங்கள் ஊர்களில் பழையது, நியாயமானதும்கூட.

மாவட்டக் கோட்டாவுக்கு ஒரு கசப்பான பிறப்பு உண்டு. 1971இல் தமிழில் எழுதினவர்களுக்குக் கூடிய புள்ளி வேண்டும் என்கிற மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. தமிழ் இளைஞர் கொதித்தெழுந்ததற்கு அது பெரிய காரணம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்திய அதே முறை, வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு இடுக்கைத் திறந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எங்கள் ஆக்களுக்கு இன்னும் கூச்சம். எனக்கு இல்லை. நான் அந்த இடுக்கால் போனவன்.

இசட் புள்ளி என்றால் என்ன? மூன்று பாடத்திலும் நல்ல மார்க்ஸ், புள்ளி மட்டும் குறைவாக வந்திருக்குது.

2001இலிருந்து இந்த முறைதான். நீங்கள் எடுத்த மார்க்ஸ் எவ்வளவு என்பதைவிட, அந்தப் பாடத்தை எழுதின மற்றவர்களுக்கு நடுவே எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் மார்க்ஸிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது எல்லோருடைய மார்க்ஸும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்கிற அளவால், பிரிக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், எண்கள் நானாகப் போட்டவை. இரசாயனவியலில் 64, சராசரி 40, நியம விலகல் 16 என்றால் புள்ளி 1.5. உயிரியலிலும் அதே 64தான், ஆனால் சராசரி 52, விலகல் 12 என்றால் புள்ளி 1.0. பௌதிகவியலில் 52, சராசரி 40, விலகல் 15 என்றால் 0.8. மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் 1.1. அதுதான் உங்கள் இசட் புள்ளி. இரசாயனவியலும் உயிரியலும் ஒரே மார்க்ஸ், புள்ளி வேறு வேறு. எல்லோரும் நன்றாகச் செய்த பாடத்தில் நீங்களும் நன்றாகச் செய்தால் பெரிய லாபமில்லை. எல்லோரும் தடுக்கி விழுகிற பாடத்தில் எழும்பி நின்றால்தான் புள்ளி ஏறும். இது தெரிந்தும் 'பௌதிகம் கஷ்டம், அதை விட்டுட்டு உயிரியலைப் பார்ப்பம்' என்று இருக்கிற பிள்ளைகளை என்ன செய்ய!

மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 மார்க்ஸ் வேண்டும். அதில் கோட்டை விட்டுத் தலையில் கை வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன், சின்னச் சோதனை என்று விடாதீர்கள்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது? போன வருஷ வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் போடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதையெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நாலு வருஷம் இந்தப் பட்டியலில்தான் தீர்மானமாகிறது. அதைச் சோதனைக்குச் செலவழித்த கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் நிரப்புகிறார்கள்.

ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு உண்டு. முன்னால் மூன்று இலக்கம், அது பாடநெறி. பின்னால் ஒரு ஆங்கில எழுத்து, அது பல்கலைக்கழகம். பி என்றால் பேராதனை, எஃப் என்றால் யாழ்ப்பாணம். நீங்கள் விரும்புகிற ஒழுங்கில் இந்தக் குறியீடுகளை வரிசையாகப் போட வேண்டும். ஆணைக்குழு உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். உங்கள் புள்ளிக்கும் மாவட்டத்துக்கும் எது முதலில் கிடைக்கிறதோ அதைத் தந்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடும். கீழே இருப்பதை ஏறெடுத்தும் பார்க்காது.

ஆகவே 'நிச்சயமாகக் கிடைக்கிறதை முதலில் போடுவம், பாதுகாப்பு' என்று நினைத்தால், பாதுகாப்பாக விருப்பமில்லாததுதான் கிடைக்கும். பெரிய ஆசையை முதலாவதாகப் போட்டால் இரண்டாவது பறிபோகும் என்ற பயமும் பிழை. ஆசை கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கு நீங்கள் அதே புள்ளியோடுதான் போவீர்கள், ஒன்றும் குறையாது.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே யாரோ கட்டி வைக்கிற வேலி இல்லை. எல்லோருக்கும் பிரித்து முடிந்த பிறகு, உங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். எங்கள் மாவட்டங்களில் ஒரு பாடநெறிக்கு ஒதுக்கப்படுகிற இடம் விரல் விட்டு எண்ணுகிற அளவு. ஒரே ஒரு பிள்ளை மனம் மாறினாலே அந்த இலக்கம் ஏறி இறங்கும். போன வருஷத்துப் புள்ளியைத் திசை காட்டியாகப் பாருங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் விண்ணப்பம் போட்டது ஒரு கொமினிக்கேசன் கடையில். கடைப் பையன் வேகமாகத் தட்டி, அச்செடுத்துத் தந்துவிட்டான். மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் பொழுது போகாமல் அந்தத் தாளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். முதலாவது வரியில் பி இருக்க வேண்டிய இடத்தில் எஃப். பஸ் வந்து நின்றது, கொண்டக்டர் 'வாறதெண்டா ஏறு' என்று கத்துகிறார். நான் ஏறவில்லை. திரும்பிக் கடைக்கு ஓடித் திருத்தினேன். பிழை அந்தப் பையனுடையது மட்டுமில்லை, திரையைப் பார்க்காமல் வெளியே நின்று பிளேன்ரீ குடித்த என்னுடையதும். உங்கள் குறியீடுகளை நீங்களே ஒரு கொப்பித்தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அனுப்ப முதல் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசியுங்கள்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் பீடங்கள் இருக்குது, வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டுது. பிறகு ஏன் அவ்வளவு தூரம் போக வேணும்?

போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல்நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது, பம்பைமடுவில். வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் போய்ப் படிக்கலாம். அம்மா தனியாக இருக்கிற வீடு, படுக்கையில் அப்பா என்றால் அது சின்ன விஷயமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நானே கிளிநொச்சியை முதலாவதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பேராதனைக்குப் போக இரண்டு நல்ல காரணம் உண்டு. ஒன்று, பாடநெறி. மிருக வைத்தியம் படிக்க வேண்டும் என்றால் நாட்டில் அந்த ஒரு பீடம்தான். பல் மருத்துவத்துக்கும் நீண்ட காலம் அதுதான் தனி இடம். ஒன்பது பீடங்கள் ஒரே வளாகத்தில் இருப்பதால் தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம் போன்ற, எங்கள் பிள்ளைகள் பெயரே கேள்விப்படாத படிப்புகளும் இருக்கின்றன. மருத்துவம் கிடைக்காவிட்டால் வாழ்க்கை போச்சு என்று அழுகிற உயிரியல் பிள்ளை அந்தப் பக்கங்களை ஒருக்கால் புரட்ட வேண்டும்.

மற்றது, எங்களைப் போல் இல்லாதவர்களோடு நாலு வருஷம் இருப்பது. மாத்தறைப் பிள்ளை, அக்கரைப்பற்றுப் பிள்ளை, ஹட்டன் தோட்டத்துப் பிள்ளை எல்லாம் ஒரே மேசையில். மலையகத் தமிழைப் பக்கத்தில் இருந்து கேட்டதே எனக்கு அங்கேதான்.

விவசாய பீடத்தில் ஒரு வேடிக்கை. குளிரான மலையடிவாரத்தில் படித்துக்கொண்டிருந்த எங்களை மகாஇலுப்பள்ளம உபவளாகத்துக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள். அது அனுராதபுரப் பக்கம், உலர்வலயம். பஸ்ஸிலிருந்து இறங்கினதும் கொழும்புப் பிள்ளைகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்கள். எனக்கு மண்ணின் நிறம், வாய்க்கால், கொக்கு எல்லாம் வீட்டு வாசல் மாதிரி. மண்வெட்டி பிடித்த முதல் நாளே 'மச்சான், இதை எப்படிப் பிடிக்கிறது?' என்று என்னைச் சுற்றி நாலு பேர். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத நான், அன்றைக்குத்தான் கதைக்கத் தொடங்கினேன்.

இங்கிலீஷ் வராது. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சமாளிக்கலாமா?

மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் ஆங்கிலத்தில். கலைப்பீடத்தில் தமிழிலும் படிக்கலாம். தொடக்கத்தில் ஆங்கிலப் பயிற்சி தருவார்கள். அது போதாது, உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் லெக்சரில் நான் எழுதின கொப்பியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பாதி வரி தொங்கிக்கொண்டு நிற்கிறது, நடுவில் தமிழில் 'இது என்ன?' என்று எழுதியிருக்கிறேன்.

காப்பாற்றியது குப்பி. குப்பி என்றால், விளங்கின பிள்ளை விளங்காதவர்களைச் சோதனைக்கு முதல் இருத்திச் சொல்லிக் கொடுக்கிறது. சிங்களப் பிள்ளைகளும் அதே சொல்தான். காசு கிடையாது, கரும்பலகையும் ஒரு சோக்குக் கட்டியும் போதும். வெட்கப்படாமல் போய் முன்வரிசையில் இருங்கள். ரிசல்ட் வந்து பல்கலைக்கழகம் தொடங்குகிறதுக்கு இடையில் மாதக்கணக்காக நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் உங்கள் பாடத்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றை ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அகராதியோடு வாசியுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது பிரயோசனம்.

சிங்களத்துக்கு எண்களும் ஒரு ஐம்பது சொல்லும் முதலில் போதும். மிச்சத்தைக் கன்டீனும் பஸ்ஸும் படிப்பிக்கும்.

காசு? தகப்பன் இல்லை, கூலி வேலையில்தான் வீடு ஓடுது.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. கல்வி மந்திரி கன்னங்கராவின் காலத்தில் 1945இல் வந்த இலவசக் கல்வி இன்றும் பல்கலைக்கழகம் வரை நிற்கிறது. செலவு சாப்பாடு, பயணம், போட்டோக் கொப்பி, போன் டேட்டா, சில பாடநெறிகளுக்கு லப்டொப்.

மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கியது. அது கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழக பேர்சரி என்கிற உதவிப்பணம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500ஆகவும் பேர்சரியை 4000இலிருந்து 6500ஆகவும் கூட்டினார்கள். இதை நம்பி மட்டும் மாதத்தை ஓட்ட முடியாது, ஆனால் சாப்பாட்டில் ஒரு பெரிய பங்கைத் தாங்கும். முதல் காசு கைக்கு வர மாதங்கள் பிடிக்கும். அதுவரைக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் குடும்ப வருமானத்தை விதானையாரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். வருமானத்தைக் கௌரவத்துக்காகக் கூட்டி எழுதுகிற ஆக்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். ஊர்ச் சங்கங்களும் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் உதவுவது உண்டு. உங்கள் அதிபரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காத பிள்ளைக்கு உதவி தேவை என்று ஒருவருக்கும் தெரியாது.

ஹோஸ்டல் கிடைக்குமா?

முதல் வருஷத்தில் தூர இடத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். இடையில் ஒரு வருஷம் வெளியே போடிங் எடுக்க வேண்டி வரலாம், கடைசி வருஷம் திரும்பவும் முன்னுரிமை. விடுதிகளின் பெயர்களில் அருணாசலமும் இராமநாதனும் இருக்கிறார்கள். ஜயதிலக, மார்கஸ் பெர்னாண்டோ, ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்று மற்றவையும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்பர்-நெல், பொறியியல் பிள்ளைகளின் கோட்டை. ஜென்னிங்ஸ் காலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு அறை என்று கட்டின இடங்களில் இப்போது எத்தனை பேர் என்று நீங்களே போய் எண்ணிப் பாருங்கள்.

பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம், சிங்களப் பகுதிக்கு அனுப்பப் பயமாயிருக்குது.

அம்மாமார் இதைக் கேட்கும்போது நான் சிரிப்பதில்லை. 1983 மே மாதம், ஜூலைக் கலவரத்துக்கு இரண்டு மாதம் முதல், அதே வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அதை மறக்கவில்லை, மறக்கச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. 2009க்குப் பிறகு போன நான் கண்டதைச் சொல்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த மூன்று நாளும் கஞ்சி கொண்டுவந்தது குருநாகல் பக்கத்து அறைத்தோழன். அவனுடைய அண்ணன் ஆமியில் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரே ஒருக்கால்தான் கதைத்தோம், இரவு, லைட்டை அணைத்த பிறகு.

பெண் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாளர் இருக்கிறார், உள்ளே வரும் நேரத்துக்கு ஒழுங்கு இருக்கிறது, வளாகத்தில் சுகாதார நிலையம் இருக்கிறது, பேராதனை போதனா வைத்தியசாலை பக்கத்திலேயே. முன்னே போன அக்காமாரின் இலக்கம் ஒன்றை எடுத்துத் தாய்க்குக் கொடுங்கள். அந்த ஒரு போன் இலக்கம் நான் சொல்கிற பத்துப் பந்தியைவிட மேல்.

பகிடிவதை?

இருக்கிறது. இல்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன ஒரு தமிழ்ப் பிள்ளை பகிடிவதையால் செத்துப்போனான். அடுத்த வருஷம் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருஷம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ பெரிய காயமோ என்றால் பத்து வருஷம் வரை. பட்டமும் பறிபோகலாம்.

'அது சீனியருக்கும் ஜூனியருக்கும் பழக்கம் உண்டாக்கிற விளையாட்டு' என்று சொல்வார்கள், தமிழ்ப் பிள்ளைகளே தமிழ்ப் பிள்ளைகளுக்கு. எனக்கும் சொன்னார்கள். முழங்காலில் நிற்க வைத்தவரோடு எனக்கு இன்றுவரை பழக்கம் உண்டாகவில்லை. பாட்டுப் படி, பெயர் சொல்லு என்பதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். உடம்பில் கை வைத்தால், உடுப்பைக் கழற்றச் சொன்னால், காசு கேட்டால், இரவில் கூப்பிட்டால் போகாதீர்கள். மாணவ ஆலோசகருக்குச் சொல்லுங்கள், மானியங்கள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். வீட்டுக்கு மறைக்காதீர்கள். தாய் தகப்பனுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை போனில் 'ஒண்டுமில்லை' என்று மட்டும் சொல்லி வைத்தால், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள்.

இடம்பெயர்ந்ததில் பத்திரங்கள் தவறிப்போச்சு. பதிவுக்கு என்ன செய்ய?

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாகவே கேட்கலாம். பாடசாலை விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும் அதிபரிடம். தேசிய அடையாள அட்டையில் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்றால் இன்றைக்கே திருத்தத் தொடங்குங்கள். 'ஆனந்தராசா'வும் 'ஆனந்தராஜா'வும் உங்களுக்கு ஒரே ஆள். லிகிதருக்கு இரண்டு பேர்.

பதிவுக்குக் கொடுக்கிற நாட்கள் குறைவு. தபாலை நம்பியிருக்காமல் இணையத்தில் நாளுக்கு ஒருக்காலாவது பாருங்கள். ஓரிடத்தில் பதிந்துவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிப்பதற்குத் தடை வரும், அதனால் மனதில்லாத பாடநெறியில் அவசரப்பட்டுப் பதியாதீர்கள். கைநூலில் அதற்குத் தனிப் பந்தி இருக்கிறது.

சாப்பாடு, கோயில்?

கன்டீன் சோறு சப்பென்று இருக்கும். பருப்பு இருக்கும், உறைப்பு இருக்காது. அம்மாவின் மிளகாய்த்தூள் ஒரு போத்தல் கொண்டுபோங்கள், ஒரு கிழமையில் அறை முழுக்க உங்கள் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். கருவாடு வேண்டாம், மணத்துக்கு வழக்கு வரும். வளாகத்துக்குள்ளேயே மேட்டில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் படியேறினால் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேரைக் காணலாம். சாமிக்கு எத்தனை பேர், சந்திக்க எத்தனை பேர் என்பது வேறு கதை.

கிடைக்காவிட்டால்?

உயர்தரம் மூன்று தரம் எழுதலாம். இரண்டாம் தரம் எழுதிப் போனவர்கள் ஏராளம், கம்பஸில் அதை யாரும் கேட்பதுமில்லை. திறந்த பல்கலைக்கழகம், அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் என்று வேறு வழிகளும் உண்டு. அங்கே மோட்டார்த் தொழில்நுட்பம் படித்த என் மாணவன் என்னைவிடக் கூட உழைக்கிறான், பார்க்கும்போது 'சேர், தேத்தண்ணி குடிப்பம்' என்று காசை அவனே கொடுத்துவிடுகிறான்.

எப்படிப் போவது? முதல் நாளுக்கு என்ன கொண்டுபோக?

ஏ9 வீதி எங்கே தொடங்குகிறது என்று என் வகுப்பில் கேட்டால் எல்லோரும் யாழ்ப்பாணம் என்பார்கள். கண்டியில் தொடங்குகிறது. 321 கிலோமீற்றர், மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம் என்று வந்து உங்கள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டிப் போகிற அதே ரோட்டுத்தான். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கண்டி. ரயிலில் போவதென்றால் பொல்காவலையில் மாறிக் கண்டி ரயில் பிடிக்க வேண்டும். வளாகத்துக்குக் கிட்டவே சரசவி உயன என்று சின்ன ஸ்டேசன் இருக்கிறது.

பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும். அம்மா தேங்காய் உடைக்கச் சொல்லியிருப்பா, உடையுங்கள். கச்சான் ஒரு பை வாங்குங்கள், பக்கத்து சீற்றுக்குக் கொடுக்கலாம்.

கொண்டுபோக வேண்டியது: மூலப்பத்திரங்கள், ஒவ்வொன்றிலும் நாலு போட்டோக்கொப்பி, பாஸ்போட் சைஸ் படம், பூட்டு ஒன்று, மொத்தமான போர்வை ஒன்று. மார்கழிக் குளிரை வன்னி உடம்பு நம்பாது. குடை கட்டாயம். எங்கள் மழை வந்தால் வந்தது என்று கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். அங்கே பின்னேரமானால் சும்மா தூறிக்கொண்டே நிற்கும்.

கண்டியில் இறங்கினதும் பேராதனைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுங்கள், ஆறு கிலோமீற்றர் அளவுதான். கொண்டக்டர் 'கொஹெத?' என்று கேட்பார், எங்கே என்று. 'கலஹா ஹந்திய' என்று சொல்லிக் காசைக் கொடுங்கள். சந்தி கிட்டினதும் கூச்சப்படாமல் உரக்க 'பஹினவா' என்று சொல்ல வேண்டும், இறங்கப் போகிறேன் என்று அர்த்தம். நான் முதல் நாள் அதை மெதுவாகச் சொன்னேன். பஸ் நிற்கவில்லை. பெட்டியோடு திரும்பி நடந்தேன்.